கயிற்றின் மறுமுனை

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பழைய லாரிக் கிடங்கு அது. தகரக் கூரையின் கீழே ஒரு வகுப்பறை. பின்னால் புல் மண்டிய வெட்டவெளி. அதன் நடுவே சக்கரங்கள் கழற்றப்பட்ட ஒரு டேங்கர், உடம்பெல்லாம் துருவோடு, காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவதுபோலக் கிடந்தது.

நானும் அக்கா வீட்டுக்காரரும் பன்னிரண்டு வருடமாக ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள். சிமெண்ட், மரம், பஞ்சு, எதையும் ஏற்றியிருக்கிறோம். அமிலமும் எரிவாயுவும் ஏற்றுவதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். அதற்காகத்தான் மூன்று நாள் பயிற்சி.

காலை வகுப்பில், ஆபத்தான சரக்கு வண்டிகளில் மாட்டும் பலகைகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார்கள். மண்டை ஓடு வந்ததும் மாமா என் காதருகே குனிந்தார்.

"இதுல ஒண்ணு கிடைச்சா உங்க அக்கா சமையல்கட்டுல மாட்டிடலாம் மச்சான்."

"அக்காகிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லு. நான் டிரிப்ல இருக்கும்போது சொல்லு."

பயிற்சியாளர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பே வராத முகம். வாயைப் பூட்டிச் சீல் வைத்ததுபோல இருப்பார் என்பதால் அவருக்கு 'சீல்' என்று வந்ததுமே பெயர் வைத்துவிட்டோம்.

மதியம் டேங்கருக்குள் இறங்கும் பயிற்சி. முகமூடியும் முதுகில் காற்று சிலிண்டருமாக ஒருவர் மேல்மூடி வழியாக ஏணியில் இறங்கி, அடியில் கிடக்கும் பிளாஸ்டிக் கேனை எடுத்துவர வேண்டும். அவர் பெல்ட்டில் மாட்டிய கயிற்றைப் பிடித்தபடி இன்னொருவர் மேலே உட்கார்ந்திருப்பார். தூக்குவதற்கு, மூடிக்கு மேலே நிறுத்திய இரும்பு முக்காலியில் கைப்பிடியால் சுற்றும் ஒரு கப்பி.

"நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு," என்றார் சீல். "ஒண்ணுன்னா நல்லா இருக்கேன். மூணுன்னா தூக்கு. இரும்புக்குள்ள குரல் ஏமாத்தும், கயிறு ஏமாத்தாது. என்ன நடந்தாலும் மேல இருக்கிறவன் இறங்கக் கூடாது. இறங்கினா ரெண்டு பொணம். காரணமில்லாம தூக்கினா ரெண்டு பேரும் அடுத்த மாசம் மறுபடி வரணும்."

வாயு அளக்கும் மீட்டரை மூடியருகே நீட்டினார். பூஜ்யம். பழைய டேங்கரின் அடிச்சேற்றில் ஊறும் விஷவாயு கனமானது, தண்ணீர்போல அடியில் தேங்கும், மீட்டரைக் கட்டி அடிவரை இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருக்கு முன்பே தெரியும். அன்று ஏனோ செய்யவில்லை. அடுத்த ஜோடியைக் கூப்பிட வகுப்பறைக்குப் போய்விட்டார்.

மாமா கண்ணடித்துவிட்டு இறங்கினார். அவருடைய ஹெல்மெட் இருட்டுக்குள் கரைந்தது.

முதல் நிமிடம். ஒரு இழுப்பு. நானும் பதிலுக்கு ஒன்று இழுத்தேன்.

இரண்டாவது நிமிடம். இன்னொன்று.

அழுகிய முட்டை வாடை லேசாக மூக்கில் பட்டது. சேறு கலைந்திருக்கும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் குரல் வந்தது.

"மச்சான்."

முகமூடிக்குள்ளிருந்து பேசினால் குரல் அடைத்து வரும். இது தெளிவாக வந்தது.

"முகமூடி வார் அவுந்துடுச்சு. இழு மச்சான்."

நான் கயிற்றைப் பார்த்தேன். அது மெதுவாக ஒருமுறை இழுபட்டது.

நல்லா இருக்கேன்.

காலையில் தரையில் ஒத்திகை பார்த்தபோது மாமா மயங்கி விழுந்ததுபோல நாக்கைத் தள்ளிக்கொண்டு கிடந்தார். நான் பதறிப்போய்க் கத்தி, எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன். மறுபடி அதே விளையாட்டு என்று நினைத்தேன்.

"போதும் மாமா. சீல் வந்துடுவாரு."

இரும்பில் எதுவோ உரசியது. மூச்சு இழுக்கும் சத்தம், நீளமாக.

"மச்சான்... இழுடா..."

என்னை ஒருநாளும் அவர் 'டா' போட்டதில்லை.

கயிறு மீண்டும் ஒருமுறை இழுபட்டது. பொறுமையாக, இரண்டு விரலால் இழுப்பதுபோல.

நல்லா இருக்கேன்.

ஒரு நிமிடம் ஆகவில்லை. பத்து விநாடிகூட ஆகவில்லை.

மறுபடி.

நல்லா இருக்கேன்.

மறுபடி.

என் கால் ஒன்று ஏற்கெனவே மூடிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. காலை வெளியே எடுத்தேன். கப்பியின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினேன். சுற்றச் சுற்ற ஏதோ ஒன்று கீழ்நோக்கி மெதுவாக இழுத்துக்கொண்டே இருந்தது. கத்தினேன். சீல் ஓடிவந்து கைகொடுத்தார்.

மாமா வெளியே வந்தபோது முகமூடி கழுத்தில் தொங்கியது. உதடு நீலம். இரண்டு கைகளின் விரல்களும் முகமூடியின் வாரில் முறுக்கிச் சிக்கியிருந்தன. கத்தியால் வெட்டித்தான் விடுவிக்க முடிந்தது.

அந்தக் கைகளால் கயிற்றை இழுத்திருக்க முடியாது.

ஆம்புலன்ஸ் வரும்வரை சீல் மாமாவின் மார்பை அழுத்திக்கொண்டிருந்தார். மாமா இருமினார். மூச்சு வந்தது. அதன் பிறகுதான் சீல் என்னைப் பார்த்தார்.

"ஏன் லேட்டு?"

"ஒண்ணு ஒண்ணா வந்துட்டே இருந்துச்சு சார்."

"வெடுக்குன்னா?"

"இல்ல சார். மெதுவா. ரெண்டு விரலால இழுக்கிற மாதிரி."

அவர் முகத்தில் மழை வழிந்தது. துடைக்கவில்லை.

"என் பழைய ஜோடி அப்படித்தான் இழுப்பான்," என்றார். என்னிடம் சொல்லவில்லை.

பெல்ட்டிலிருந்து கழற்றிப் போட்ட கயிற்றின் கொக்கி சரிந்து மூடிக்குள் விழுந்தது. அதை யாரும் எடுக்கப் போகவில்லை.

ஆம்புலன்ஸில் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆக்சிஜன் குழாயை விலக்கிவிட்டு ஏதோ சொல்ல முயன்றார். குனிந்தேன்.

"கீழ இன்னொருத்தர் இருக்காரு மச்சான்."

"பேசாதீங்க மாமா."

"பாவம், ரொம்ப நேரமா இருக்காரு. அவரையும் தூக்கச் சொல்லு."

வண்டி நகர்ந்தது. பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எல்லோரும் வாசல் பக்கம் வந்துவிட்டிருந்தார்கள். டேங்கரின் மேல் சீல் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார், கயிறு கையில். அவர் தோள் ஒருமுறை முன்னால் இழுபட்டது. இன்னொருமுறை. மூன்றாவது முறை.

அவர் எழுந்து கப்பியைச் சுற்றத் தொடங்கினார்.

முக்காலியின் கால்கள் வளைந்தன. கயிறு கனத்தோடுதான் மேலே வந்துகொண்டிருந்தது.