நான்காவது பெயர்

காலை ஏழு மணிக்குக் குழந்தைவேலுவின் இடது கை வேலைக்குப் போய்விட்டது.

போனது என்றால் கழன்று போகவில்லை. தோளில்தான் இருந்தது. மணிக்கட்டுக்குள் பதித்திருந்த சில்லு ஒருமுறை அதிர்ந்ததும், விரல்கள் தாமாக விரிந்து மடங்கிக் காற்றை அள்ள ஆரம்பித்தன. குடியிருப்புக்கு வெளியே, நிலாவின் வெற்றுத் தரையில், அதே அசைவில் ஓர் இரும்புக் கை மண்ணைச் சலித்துக்கொண்டிருக்கும். இயந்திரத்தைச் சொந்தமாக யோசிக்க வைத்தால் மின்சாரம் தின்னும், பழுதுபார்க்க ஆள் வேண்டும். கடன்பட்டவனின் கைக்கு அவன் வீட்டுச் சோறே போதும். அதனால் மூன்று தவணை தவறினால் நிதி நிறுவனம் ஒரு கையை எடுத்துக்கொள்ளும்.

அந்தக் குடியிருப்பில் தோள் துண்டால் இடது கையை மூடிக்கொண்டு நடக்கும் ஆண்கள் நிறையப் பேர். கேட்டால் சுளுக்கு என்பார்கள். யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

சாந்தாமணி தோசையைப் பிய்த்துத் தட்டில் வைத்தாள்.

"ஏனுங்க, இன்னைக்காவது அந்த மையத்துக்குப் போறீங்களா? அடுத்த மாசம் வலது கையும் போயிரும். அப்பறம் சோத்த நானா ஊட்டறது?"

"ஊட்டு. கல்யாணமான புதுசுல ஊட்டுனவதானே நீ?"

"குசும்புக்கு ஒண்ணும் கொறச்சலில்ல" என்றவள், அடுப்பைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லாம் மகள் மயூரியின் கல்யாணத்துக்கு வாங்கிய கடன். நிச்சயதார்த்தத்துக்குச் சம்பந்தி சென்னியப்பன் பூமியிலிருந்து நிஜமான இரண்டு வாழை மரங்களை வரவழைத்து வாசலில் கட்டியிருந்தார். நிலாவில் அதுவரை யாரும் செய்யாதது. கூட்டம் வாயைப் பிளந்து நின்றது. அன்று பந்தியில், "கல்யாணத்துக்கு நம்ம வீட்டுச் செலவுல மண்டபம் பூரா நிஜ மல்லிகைங்க சம்பந்தி" என்று குழந்தைவேலு சொல்லிவிட்டார். வாய் திறந்து சொல்லும்வரை அவருக்கே அது தெரியாது.

மல்லிகை மூன்று மணி நேரம் மணத்தது. மயூரிக்கு இப்போது ஏழாம் மாதம். கடன் அப்படியே இருக்கிறது.

கடன் தீர்வு மையத்தில் ஆலோசனை சொல்வது இயந்திரம். வருகிறவர்கள் கூச்சப்படக் கூடாதென்று அதற்கு ஊர்ப் பேச்சு பழக்கியிருந்தார்கள்.

"உக்காருங்க. மூணு வழி இருக்குதுங்க. மொத வழி, ரெண்டு கையும் பதினாறு வருசம் வேலைக்கு வரோணும்."

"எனக்கு இப்பவே அம்பத்தாறுங்க."

"ரெண்டாவது தூக்கப்பணி. உங்க மனசைத் தூங்க வெச்சுருவோம். ஒடம்பு மட்டும் ராப்பகலா வேலை செய்யும். ஏழு வருசம். முழிக்கறப்ப கடன் இருக்காது. யாருக்கும் தெரியாது."

"மூணாவது?"

"முழு விடுதலை. இன்னைக்கே கடன் பூராவும் தள்ளுபடி. கையும் வீடும் உங்களுது. பைசா கட்ட வேண்டாம்."

குழந்தைவேலு நாற்காலி நுனிக்கு வந்தார். "இத மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா?"

"ஒரே ஒரு நிபந்தனைங்க. உங்களால முடியலைங்கறத நாலு பேருக்குத் தெரியப்படுத்தோணும். நாலு பேருக்குத் தெரிஞ்சா ஒருத்தராவது தோள் குடுப்பாங்கன்னு சட்டம் நெனைக்குது."

திரையில் நான்கு பெயர்கள் வந்தன. அக்கா. பால்ய நண்பர். பழைய முதலாளி. மூன்றுக்கும் அவர் தலையாட்டினார், ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் குனிந்தபடி. நான்காவது பெயர் சென்னியப்பன்.

"இவருக்கு மட்டும் வேண்டாங்க. எங்க பெரியம்மாவைப் போட்டுக்குங்க."

"மாத்த முடியாதுங்க. எந்த விசேஷத்துக்குக் கடன் வாங்குனீங்களோ, அதுல மொத வரிசைல உக்காந்தவரு ஒருத்தரு கட்டாயம்."

"அவரு ஊர்லயே இல்லீங்க. செவ்வாய்ல பெரிய கான்ட்ராக்டுன்னு போன மாசம் போயிட்டாரு."

திரையில் அந்தப் பெயர் ஒருமுறை மங்கித் தெளிந்தது. "அவரு எங்க இருந்தாலும் தெரியப்படுத்திருவோமுங்க."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் சாந்தாமணி அவர் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாலே நாலு பேருதானே? சொல்லித் தொலைங்க."

"அந்த வீட்ல நாளைக்கு ஒரு பேச்சு வந்து, 'உங்கொப்பன் வக்கில்லாம கைய விரிச்சவன்தானே'ன்னு மயூரியைக் கேட்டா?"

அவர் தூக்கப்பணிக்கு முடிவு செய்துவிட்டது அவளுக்குப் புரிந்தது. "பேரக் கொழந்தை பொறக்கறப்ப இருக்க மாட்டீங்க. அது பள்ளிக்கோடம் போறப்பவும் இருக்க மாட்டீங்க" என்றாள். "கேக்கறவங்களுக்கு நான் என்னன்னு சொல்றது?"

"சம்பந்தியோட கான்ட்ராக்டுல சேர செவ்வாய்க்குப் போயிட்டேன்னு சொல்லு."

மயூரியிடமும் அதையே சொன்னார்கள். "மாமனாரும் இல்ல, நீங்களும் இல்லைன்னா எனக்கு யாருப்பா வளைகாப்பு பண்றது?" என்று அவள் போனில் அழுதாள். குழந்தைவேலு வலது கையால் போனைப் பிடித்திருந்தார். இடது கை மண்ணை அள்ளிக்கொண்டே இருந்தது.

தூக்கப்பணிக் கூடம் குடியிருப்பின் கடைசித் தளத்தில் இருந்தது. நீண்ட வரிசைகளில் ஆளுயரக் கூடுகள். ஒவ்வொரு கூட்டிலும் ஒருவர் கண்மூடி நின்று காற்றை அள்ளிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் யாரும் கண்ணில் படவில்லை. எல்லாக் கூடுகளையும் சாம்பல் நிறத் திரைகள் மூடியிருந்தன. சிலவற்றில் மட்டும் திரை இல்லை, ஆளும் இல்லை.

கூடத்துப் பணிப்பெண் அவரை ஒரு காலிக் கூட்டுக்கு அழைத்துப் போனாள். பக்கத்துக் கூட்டின் திரையைக் கழுவுவதற்காக விலக்கியிருந்தார்கள்.

உள்ளே சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தார். தாடி ஒரு மாத அளவுக்கு வளர்ந்திருந்தது. சம்பந்திக்கு மரியாதையாகக் குழந்தைவேலு போட்ட மோதிரம் இன்னும் விரலில் இருந்தது. அந்த விரல்களும் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தன. தலைக்கு மேல் ஒரு பலகை: 'காரணம்: மகன் திருமணம். மூவருக்குத் தெரிவிக்கச் சம்மதம். நான்காமவருக்கு மறுப்பு.'

குழந்தைவேலு கூட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சவருங்களா?" பணிப்பெண் நிமிர்ந்தாள். "அப்படி இருந்தாச் சொல்லுங்க. உங்களுக்கும் நாலாவது பேருதானே பாக்கி? ஒரு நிமிசம் எழுப்பி விடறேன். ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தரு சொல்லிக்கிட்டாப் போதும். இன்னைக்கே ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போயிரலாம்."

குழந்தைவேலு அந்த முகத்தையே பார்த்தார். வாழை மரத்துக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்ட முகம். வளைகாப்பில் மயூரியின் இரண்டு பக்கமும் காலியாகக் கிடக்கப்போகும் நாற்காலிகள் நினைவுக்கு வந்தன. ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் திறந்தது.

"தெரியாதுங்க" என்றார். "யாரோ."

பணிப்பெண் தோளைக் குலுக்கிவிட்டு ஊசியை எடுத்தாள்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கலாங்களா? இந்தத் திரை எனக்கும் உண்டுங்களா?"

"அது தனிங்க. திரை வேணும்னா மூணு மாசம் கூடுதலா வேலை செய்யோணும்." கூடத்தின் நீளத்தை அவள் ஒருமுறை பார்த்தாள். "வேண்டாம்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல."

"சேத்துப் போட்டுக்குங்க" என்று குழந்தைவேலு கூட்டுக்குள் ஏறி நின்றார். "மொதல்ல திரைய இழுத்து விட்டுருங்க. அப்பறம் ஊசி போடுங்க."