தவறான முயற்சிகள்

2006 ஒக்டோபர் 12, வியாழன். இன்று ஒரு சிறு பிழை. சரியான கடவுச்சொல்லை யாரும் படிக்க முடியாதபடி குழப்பிச் சேமிக்க நிரல் எழுதினேன். தவறாக அடிக்கப்படுபவை மட்டும் பதிவுக் கோப்பில் அப்படியே விழுகின்றன. சேர் பார்ப்பதற்குள் திருத்த வேண்டும்.

கொப்பியில் இதை எழுதிவிட்டு மங்கையர்க்கரசி அந்தக் கோப்பைத் திறந்தாள். தன்னுடைய தடுமாற்றங்கள்தான் இருக்கும் என்று நினைத்தாள். இரண்டே வரிகள். இரண்டும் அவள் பெயரில் உள்ளே வர முயன்றவை.

நேற்று இரவு 8.10: அக்கா.

8.11: அக்கா நாந்தான்.

நேற்று ஏழரைக்கே மஷூர் சேர் மெயின் சுவிட்சை அணைத்து வகுப்பைப் பூட்டியிருந்தார். கஹவத்தை பஸ் நிலையத்துக்கு எதிரே, ரப்பர் ஷீட் வாங்கும் கடையின் மாடியில், மூன்றே கணினிகள். வெளியிலிருந்து ஒரு வயர்கூட அவற்றுக்கு வரவில்லை.

"யாரோ சேட்ட பண்ணியிருக்காங்க," என்றார் சேர், தொப்பியைத் தேடிக்கொண்டே. மஃரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. "ஒன் பாஸ்வேர்ட் அந்த மெஷினுக்கே தெரியாது புள்ள. பேய்க்கு எங்கருந்து தெரியும்?"

"நாளைக்கு இத பெரிய ஸ்க்ரீன்ல போடுவீங்களா சேர்?"

"எல்லாரோடதயுந்தான். பிழைய ஒளிச்சு வச்சாப் படிக்க ஏலாது. ஒரு அரை மணித்தியாலம், வந்துருவேன்."

அவர் படியிறங்கும் ஓசை தேய்ந்ததும், தகரக் கூரையில் மழை ஒவ்வொரு துளியாகத் தொடங்கி ஒரே இரைச்சலாக மூடிக்கொள்ள, கீழேயிருந்து ஏறிவந்த ரப்பர் ஷீட்டின் புகைவாடைக்குள் வேறொரு வாடை, அப்போதுதான் பிளந்த செம்மண்ணின் பச்சை வாடை, மெல்லக் கலந்து அறையை நிறைத்தது. கோப்பில் ஒரு வரி கூடியிருந்தது.

6.14: மழைல நனையுறேன் அக்கா.

அவள் கைகள் மடியில் இருந்தன.

மூன்று வருடத்துக்கு முன், தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் மண் சரிந்த இரவு. அம்மா ஆஸ்பத்திரியில். ரேடியோவை உடைத்ததற்காக எட்டு வயதுத் தங்கச்சி டிலானியை வெளியே விட்டு, மங்கைதான் காம்பராக் கதவுக்குக் கொண்டி போட்டாள். டிலானி வெளியே நின்று ஐந்து தடவை பேசினாள். ஐந்தாவதைச் சொல்லி முடித்ததும் மலை இறங்கி, வாசலில் அவள் நின்ற இஸ்தோப்புத் திண்ணையை மட்டும் அள்ளிக்கொண்டு போனது.

அடுத்த லயத்துக்கு டிவி பார்க்கப் போனவள் திரும்பவில்லை என்றுதான் மங்கை எல்லோரிடமும் சொன்னாள். பிள்ளையை மழையில் திருப்பி அனுப்பினார்களாம் என்று அம்மா இன்றுவரை அந்த லயத்துக்காரர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை.

இந்த வரிகள் டிலானி அன்று சொன்ன அதே சொற்கள். அதே வரிசை.

6.16: ரேடியோவ இனிமே தொட மாட்டேன்.

'உலகத்துல ஒனக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ண வை' என்று சேர் சொல்லியிருந்தார். மங்கை ஐந்தாவதை வைத்திருந்தாள். அதுதான் கடவுச்சொல்.

கணினியை அணைக்கலாம். நேற்றும் அணைந்துதான் இருந்தது.

அந்த ஐந்தாவது வருவதற்குள் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். மாற்றும் பக்கம் உள்ளே இருக்கிறது. உள்ளே போக, பழையதை அடிக்க வேண்டும். மூன்று வருடமாக வாய்விட்டுச் சொல்லாததை.

ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். விரல் நழுவியது. அழித்தாள். மறுபடி.

கதவத் தொறக்கா.

என்டர்.

வரவேற்கிறோம், மங்கையர்க்கரசி.

மூச்சு விட்டாள். மாற்றும் பக்கத்துக்கு மவுஸை நகர்த்தினாள். நகரவில்லை. ஒருமுறை திறந்துவிட்டால் உள்ளே இருப்பது யார் என்று நிரல் மறுபடி கேட்காது. அவளே அப்படி எழுதியிருந்தாள்.

மழை நின்றிருந்தது. ஆனாலும் சொட்டும் சத்தம். அறைக்குள். நாற்காலிக்குப் பக்கத்தில்.

வலது கை குளிர்ந்தது. பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மவுஸின் மேல் அவள் கை. அவள் கையின் மேல் இன்னொரு கை. சின்னது. நகக்கண்களில் செம்மண். விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்து அவள் விரல்களுக்கு இடையே இறங்கிப் பற்றிக்கொண்டன.

இழுத்தாள். விடவில்லை.

தினமும் செய்வதைத்தான் செய்யத் தெரிந்தது. இடது கையால் கொப்பியை இழுத்து, கோணல்மாணலாக எழுதினாள்.

நாளைய வேலை: உள்ளே வந்தவரை வெளியேற்றும் பக்கம் எழுத வேண்டும். அதை நான் இன்னும் எழுதவில்லை.