தூக்குவாளியில் தெளிந்த தண்ணீர்

"உள்ள போனா திரும்பி வரத் தெம்பு இருக்காது, ஜெசிந்தா" என்றான் லூர்து. தண்ணீர்க் கேன் இருந்த பை காலையிலேயே பள்ளத்தில் உருண்டுவிட்டது. இருவருக்கும் நாக்கு வறண்டுபோயிருந்தது.

"எங்கண்ணன் உள்ள இருக்கான். நீ வேணா எறங்கு."

அவள் தவழ்ந்து குகைக்குள் நுழைந்தாள். அண்ணனின் கூட்டாளியான லூர்து மட்டும் எப்படி இறங்குவான்? பின்னாலேயே போனான்.

புதையல் தேடி இந்தக் குகைக்கு மலையேறிய அண்ணன் இருதயராஜ் வீடு திரும்பவில்லை. கிளம்பும்போது தங்கை தேத்தாங்கொட்டைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தாள். பாத்திரத்தின் உட்புறம் அதை உரசினால் கலங்கல் தண்ணீரில் சேறு அடியில் படிந்துவிடும். "காட்டுல இல்லாத கொட்டையா? அங்கயே பொறுக்கிக்கிறேன்" என்று சிரித்து, வாசலிலேயே வைத்துவிட்டுப் போனான். வீட்டில் உரசித் தேய்ந்து தட்டையான கொட்டையைத் தெரியுமே தவிர, முழுக் கொட்டையையோ மரத்தையோ அவன் பார்த்ததே இல்லை. பொட்டலம் இப்போது ஜெசிந்தாவின் மடியில் இருந்தது.

டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது அவனுடைய தூக்குவாளி. பாதிக்குத் தெளிந்த தண்ணீர்! லூர்து பாய்ந்து எடுத்தான்.

அதற்குள் ஜெசிந்தா அண்ணனைப் பார்த்துவிட்டாள். முதுகு வில்லாக வளைந்து, பல் கிட்டி, விறைத்துக் கிடந்தான். கையருகே பாதி தேய்ந்த கொட்டை, காசு போலத் தட்டையாக.

தூக்குவாளியை ஓங்கித் தட்டிவிட்டாள்.

"ஏய், என்ன பண்ற?"

"எட்டிக்கொட்டை, லூர்து. விஷம். தேத்தான் உருண்டையா இருக்கும். இத உரசிக் குடிச்சிருக்கான்."

கசந்திருக்கும். தாகத்தில் விழுங்கியிருக்கிறான். அவள் அண்ணனின் நெஞ்சில் அறைந்து அழுதாள். "பொட்டலத்த எடுத்துட்டுப் போயிருந்தா என்னடா?"

அழுதாலும் தாகம் விடவில்லை. மூலையில் ஒரு குட்டை, கேப்பைக் கூழாகக் கலங்கிக் கிடந்தது. மொள்ள ஏனம்? விஷம் பட்ட தூக்குவாளி ஆகாது. சுவரோரம் அண்ணன் தோண்டியெடுத்த செப்புக் குடம் இருந்தது. வாய்வரை பொற்காசுகள்.

ஜெசிந்தா அதைக் கவிழ்த்தாள்.

களிம்பு போக மணலால் தேய்த்து, குட்டைத் தண்ணீரை மொண்டு, தேத்தாங்கொட்டையை உரசினாள். சேறு இறங்கும்வரை காத்திருந்தது பெரும் வேதனை. தெளிந்ததைக் குடத்து மூடியில் வடித்து, லூர்து சுள்ளி மூட்டிக் கொதிக்க வைத்தான். மூடி மூடியாகக் குடித்தார்கள்.

பிறகு இருதயராஜைப் போர்வையில் கிடத்தினார்கள். லூர்து தரையைப் பார்த்தான். "கொஞ்சம் காசு அள்ளட்டுமா?"

"எதுல? குடத்துல வழிக்குத் தண்ணி இருக்கு. கையில அண்ணன் இருக்கான்."

அவன் அள்ளவில்லை.

இருவரும் உயிரோடு ஊர் வந்து சேர்ந்தார்கள். சவப்பெட்டியை மூடுமுன் ஜெசிந்தா அந்தப் பொட்டலத்தை எடுத்து அண்ணனின் சட்டைப் பையில் வைத்தாள்.