பச்சை எரிந்த தோரணம்

கூட வேலைபார்க்கும் சில்வஸ்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு கொம்பையா மருத்துவ அறைக்குள் நுழைந்தபோது வாசலிலிருந்த காப்புத்தோரணம் பச்சையாக எரிந்தது. “முழுக் காப்பு. செல்லலாம்” என்றது.

சில்வஸ்டருக்குக் கண்கள் குழிவிழுந்திருந்தன. விடிந்ததிலிருந்து வாந்தியும் பேதியும் நிற்கவில்லை.

“தோரணம் பச்ச காட்டுதே, சிஸ்டர்” என்றார் கொம்பையா.

நர்ஸ் ரெஜினா டிரிப் ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். “அது காமாலைக்கு உள்ள பச்ச, அண்ணாச்சி. இது காலரா.”

தூத்துக்குடிக்குக் கிழக்கே, நடுக்கடலில் காற்றாலை நடுகிறவர்களின் மிதவையூர் அது. சில வருஷங்களுக்கு முன் மஞ்சள்காமாலை அங்கே பாதிப்பேரைப் படுக்கப்போட்டது. சின்னப்பிள்ளைகளைப் பெரும்பாலும் லேசாகத் தொட்டுவிட்டுப் போகிற நோய், வளர்ந்தவர்களை அடித்துப்போட்டுவிடும். சில்வஸ்டரின் அண்ணன் அதில்தான் போனான். பிறகு அதற்குத் தடுப்பூசி வந்தது.

“அதப் போட்டா ஆம்பளைக்குத் தெம்பு போயிரும்ங்காவளே” என்று பம்மினான் சில்வஸ்டர்.

“இருக்க தெம்புல நீ மலையப் பொரட்டிட்ட. கையக் காட்டுலே” என்ற கொம்பையா, முதலில் தன் கையை நீட்டினார்.

ஒருநாள் கைவலி, சிலருக்குத் தலைவலி. அவ்வளவுதான். மாதங்கள் கழித்து இரண்டாவது ஊசி. அதற்கப்புறம் மிதவையூரில் ஒருவருக்குக்கூடக் கண் மஞ்சளாகவில்லை. ஆள் கடக்கும்போதே ரத்தத்திலுள்ள காமாலை எதிர்ப்பை வாசிக்கும் தோரணங்களை நிறுவனம் வாசலுக்கு வாசல் நட்டது. பச்சை எரிவது கெத்தாகிப்போனது.

அந்தக் கெத்தில்தான் புத்தி கெட்டது. குடிதண்ணீரில் குளோரின் கலக்கும் நீர்த்தூய்மியால் டீ மருந்து வாடை அடித்தது. “ஒடம்பே பச்சையா இருக்கு, தண்ணிக்கு எதுக்கு மருந்து?” என்று தொழிலாளர்களே போய்க் கேட்டார்கள். நிறுவனத்துக்குச் செலவு மிச்சம், உடனே தலையாட்டியது.

“அந்த ஊசி ஒரே ஒரு கிருமிக்குத்தான்” என்று ரெஜினா மட்டும் மல்லுக்கு நின்றாள்.

“சிஸ்டருக்கு டீ ருசி தெரியாது” என்று சிரித்தார்கள். நீர்த்தூய்மியைக் கழற்றியது கொம்பையாவின் கை. ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது சில்வஸ்டர். அன்றைக்கு டீ நன்றாகத்தான் இருந்தது.

இப்போது சில்வஸ்டர் கண்ணைத் திறந்தான். “ஊசி நல்ல ஊசிதாம், அண்ணாச்சி. அது வேலைய அது செஞ்சிட்டு.”

“பேசாத. தண்ணி குடி.”

“எந்தத் தண்ணி?”

கொம்பையா நீட்டிய டம்ளரைக் கீழே வைத்தார்.

பொழுது சாய்வதற்குள் மருத்துவ அறை நிரம்பி, டிரிப் பாட்டில்கள் தீர்ந்துபோயின. கடல் கொந்தளித்ததால் கரையிலிருந்து படகு மறுநாள்தான் வந்தது. அதற்குள் சில்வஸ்டர் போய்விட்டான். மூலையில் துருப்பிடித்துக் கிடந்த நீர்த்தூய்மியைக் கொம்பையா மறுபடி பூட்டியிருந்தார். ஸ்பானர் எடுத்துக் கொடுக்க ஆளில்லை.

நான்குபேர் சுமக்க, உடல் படகுத்துறை வாசலைக் கடந்தது. தோரணம் எரிந்தது. “முழுக் காப்பு. செல்லலாம்.”

பின்னால் வந்த ஒருவன் பழக்கதோஷத்தில், “பச்சதான்” என்றான்.