மீட்பரின் துப்பாக்கி

காரைக்குடி மாதா கோவிலில் மறைக்கல்வி வகுப்பின் ஆண்டு விழா. அதில் நடக்கும் நாடகப் போட்டிக்கு ஸ்வேதா எழுதிய விண்வெளி நாடகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எந்திர அரசன் ஒரு கோளையே அடிமைப்படுத்துகிறான். தொலைதூர விண்மீனிலிருந்து மீட்பர் வருகிறார். அரசனைச் சுட்டு வீழ்த்தி மக்களை விடுவிக்கிறார்.

மீட்பராக ஆகாஷ். எந்திர அரசனாக சூசை.

அரசன் விழுந்ததும் அடிமைகள் அவனைச் சுற்றி ஆட வேண்டும். ஒத்திகையில் அந்த ஆட்டம் உதையாக மாறியது. அட்டைக் கவசத்துக்குள் கிடந்து சூசை கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு அவன் முழங்கையைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"ஏன் ஸ்வேதா, நம்ம இயேசு யாரையும் சுடலையே? ஒன் மீட்பர் மட்டும் ஏன் சுடுறாரு?"

ஸ்வேதாவுக்குச் சுருக்கென்றது. எழுதியது அவள்தானே!

"முடிவை மாத்திருவோம். அரசனை மன்னிச்சிரலாம்," என்றாள் ஆகாஷிடம்.

"சுடாத மீட்பருக்கு யாரு கை தட்டுவாக?" என்றான் அவன்.

ஒத்திகை பார்த்துவந்த ஆரோக்கியமேரி டீச்சரும், "விழா நெருங்கிருச்சு. இப்பப் போயி மாத்துவாகளா? பேசாம நடி," என்று சொல்லிவிட்டார்.

விழா அன்று மேடையில் ஆகாஷ் பொம்மைத் துப்பாக்கியை நீட்டினான். அடிமைகள் உதைக்கத் தயாராக நின்றார்கள். கவசத்தின் ஓட்டை வழியே சூசையின் பயந்த கண்கள் தெரிந்தன.

அடிமை வேடத்தில் இருந்த ஸ்வேதா அவனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏய், விலகு புள்ள!" ஆகாஷ் பல்லைக் கடித்தான்.

"மீட்கத்தானே வந்தீக? இவனையும் மீட்டுட்டுப் போங்க."

துப்பாக்கி கீச்சிட்டது. சிவப்பு வெளிச்சம் ஸ்வேதாவின் நெஞ்சில் பட்டது. அவள் விழுந்தாள்.

ஒருவரும் கை தட்டவில்லை. "கதை முடிஞ்சுபோச்சா?" என்று யாரோ கேட்டார்கள். திரையை அவசரமாக இழுத்து மூடினார்கள்.

பரிசு வேறு குழுவுக்குப் போனது.

"எல்லாம் ஒன்னாலதான்!" என்று கத்திவிட்டுப் போனான் ஆகாஷ். டீச்சர் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஸ்வேதா மேடைக்குப் பின்னால் நின்று அழுதாள்.

சூசை தயங்கித் தயங்கி வந்தான். "நான் எப்பச் சாகுறதுன்னே தெரியாம நின்னேன்," என்றான்.

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு வகுப்பில், அவளைக் கண்டதும் தோழிகள் பெஞ்சில் பைகளைப் பரப்பி வைத்துக்கொண்டார்கள். ஸ்வேதா கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள்.

சூசை உள்ளே வந்தான். முன்வரிசையில் இடம் இருந்தது. அதைத் தாண்டி நேராக அவளிடம் வந்தான்.

"கொஞ்சம் அங்குட்டுத் தள்ளு," என்றான்.

ஸ்வேதா தள்ளி உட்கார்ந்தாள்.