ஒன்பது புள்ளி எட்டு

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் நிலாக் குடியிருப்பின் தழுவல் கூடத்தில் கூட்டம் நெரியும். பூமியில் இருக்கும் மனைவியை, பிள்ளையை, தாயைக் கட்டிப்பிடிக்க ஆளுக்கு ஐந்து நிமிடம். தழுவுடையை மாட்டிக்கொண்டு வெறுங்காற்றை அணைத்தால், அங்கே அதே மாதிரி உடைக்குள் நிற்பவரின் முதுகில் அந்த அழுத்தம் விழும். அவர் அணைப்பது இங்கே விழும்.

பனிச்சுரங்கத்தில் வேலை பார்த்த செங்கனி, தூத்துக்குடியில் இருந்த அம்மா சவுந்தரத்தை அப்படித்தான் தழுவி வந்தாள். அவள் நிலாவுக்குக் கிளம்பியதில் அம்மாவுக்குச் சம்மதமில்லை. அந்தக் கோபம் ஆறவில்லை என்பது முதல் வெள்ளிக்கிழமையே செங்கனிக்குத் தெரிந்துபோயிற்று. அம்மாவின் அணைப்பு தோளில் துண்டு விழுந்த மாதிரி இருந்தது. "நல்லா இருக்கியாளா?" என்ற குரலில் மட்டும் பாசம். மனசில் இருந்தால் கைக்கு வராதா?

ஆரம்பத்தில் செங்கனி அம்மாவை இறுக்கிப் பிடித்துப் பார்த்தாள். பலனில்லை. நாளாக ஆக அவளும் கையைத் தளர்த்திக்கொண்டாள். பிறகு ஒப்புக்கு ஒரு தொடுகை, அவ்வளவுதான். ஐந்து நிமிடம் முடியும் முன்பே உடையைக் கழற்றிவிடுவாள்.

அம்மா இறந்த செய்தி வந்தபோது பூமிக்கு அடுத்த விண்கலம் புறப்பட இரண்டு மாதம் இருந்தது. காரியம் அவளில்லாமலே முடிந்தது. தம்பி சேர்மதுரை பேசினான்.

"எக்கா, அம்மைக்கு ஒம்மேல ஒரு கொறையும் கெடையாது. 'எம்மவ என்னா இறுக்கு இறுக்குதா, மூச்சு முட்டுது'ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிவா."

"நானா இறுக்கினேன்?"

"பின்ன ஆரு? மொதல்ல விலாவெல்லாம் கன்னிப்போச்சு. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டா. அவளும் சும்மாவா நிப்பா? ஒன்ன இறுக்கி இறுக்கியே கைவலி வந்துரும். தைலம் தேச்சுவிடுறது நாந்தான்."

மறுநாள் செங்கனி தழுவல் கூடத்தின் பொறியாளன் ரிஸ்வானிடம் போய் நின்றாள். அவன் கருவியின் கணக்கைத் திறந்து பார்த்தான்.

பூமியில் செய்த உடை விசையைக் கிலோகிராம் விசையில் அளந்தது. நிலாவில் செய்தது நியூட்டனில். ஒரு கிலோகிராம் விசை என்றால் ஒன்பது புள்ளி எட்டு நியூட்டன். எந்தக் கோளில் நின்றாலும் அது மாறாது. கணக்கை எழுதிய யாரோ, இங்கே நிலாவின் ஈர்ப்புதானே என்று ஒன்று புள்ளி ஆறைப் போட்டுவிட்டார்கள். அங்கிருந்து வந்த அணைப்பு ஆறில் ஒன்றாய்ச் சுருங்கியது. இங்கிருந்து போனது ஆறு மடங்காய்ப் பெருகியது.

ஒப்புக்கு வைத்த கை அம்மாவுக்கு முழு அணைப்பாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அம்மா கை வலிக்க வலிக்கக் கொடுத்தது வழியிலேயே கரைந்துவிட்டது. செங்கனி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"இத்தனை வருஷமா ஒருத்தர்கூடவா புகார் சொல்லல?"

ரிஸ்வான் தேடிப் பார்த்தான். உடையில் வியர்வை நாற்றம், வரிசையில் சண்டை. வேறெதுவும் இல்லை.

"இல்ல மேடம். வீட்டு ஆளுங்க மாறிட்டாங்கன்னுதான் எல்லாரும் நினைச்சிருக்காங்க. மெஷின் மேல யாருக்கும் சந்தேகம் வரல."

அவன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். செங்கனி நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களும் வீட்டு ஆளுங்களத் தழுவ இங்கதான் வருவீங்களா?"

"என் மனைவிக்காக வந்துட்டிருந்தேன்," என்றான். "போன வருஷம் விவாகரத்து ஆச்சு. நான்தான் கேட்டு வாங்கினேன்."