திட்டு வாங்கும் வேலை

குப்புராஜின் மணிக்கட்டில் இருந்த காப்புமானி மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. மரகதம் அதைப் பார்த்துவிட்டு, அவருடைய காப்பியில் வேண்டுமென்றே இரண்டு கரண்டி சர்க்கரையைக் கொட்டிக் கலக்கினாள்.

"அறிவிருக்குதா உனக்கு? சக்கரை போடாதேன்னு எத்தன தடவ சொல்றது?"

நூற்பாலையில் இயந்திரச் சத்தத்தை மீறிக் கத்திப் பழகிய தொண்டை. அவள் அவர் முகத்துக்கு நேரே குனிந்து நின்று அத்தனையும் வாங்கிக்கொண்டாள். அவர் திட்டி ஓய்ந்தபோது மானி பச்சைக்கு வந்திருந்தது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

முதியவர்களின் உடம்பு தடுப்பூசியைச் சட்டை செய்யாமல் போய் வெகு காலமாகிவிட்டது. கை வீங்கியதுதான் மிச்சம், எதிர்ப்புச் சக்தி வரவில்லை. அதனால் கோவையின் முதியோர் இல்லங்களில் ஊசி பணியாளர்களுக்குத்தான். அந்த ஊசியால் அவர்கள் மூச்சில் வளரும் 'ஒட்டுக்காப்பு' என்ற சாது நுண்ணுயிர், எதிரே இருப்பவரின் நுரையீரலில் போய் உட்கார்ந்து காவல் காக்கும். சில நாளில் செத்துவிடும், மணிக்கட்டு மானி சிவக்கும். மறுபடி ஏற்ற வேண்டும். ஆனால் தளர்ந்த நுரையீரல் மூச்சை மேலோட்டமாகவே இழுக்கும். வாய்விட்டுப் பேசினால்தான் ஆழமாக இழுக்கும். எனவே பெரியவர்களைப் பேசவைப்பதே மரகதத்தின் வேலை.

மற்றவர்களுக்குக் குறை சொல்லிப் பேச மருமகள்கள் இருந்தார்கள். அவர்கள் மானி பச்சையை விட்டு இறங்கியதே இல்லை. குப்புராஜுக்கு மனைவி போனபிறகு பேச ஒன்றுமில்லை. எவ்வளவு விளக்கினாலும், "பேச என்ன இருக்குது" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். கோபம் மட்டும்தான் அவரிடம் மிச்சமிருந்தது. மரகதம் அதைப் பிடித்துக்கொண்டாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை. நடிப்பு என்று தெரிந்தால் அவருக்குக் கோபம் வருமா என்ன?

மேற்பார்வையாளர் ஸ்டெல்லா நல்ல மனசுக்காரி. மரகதம் விடுப்பில் இருந்த நாளில் அவர் அறைக்குப் போனாள்.

"ஏனுங்கய்யா, மரகதம் தகப்பனில்லாத புள்ளைங்க. நீங்க என்ன திட்டுனாலும் எதுத்து ஒரு வார்த்தை பேசறதில்ல. உங்க மகளா இருந்தா இப்படித் திட்டுவீங்களா?"

அன்று குப்புராஜ் சாப்பிடவில்லை.

திரும்பி வந்த மரகதத்தை அவர் "வாங்கம்மிணி" என்றார். அவளுக்குப் பகீரென்றது. சர்க்கரைக் காப்பியை மறுபேச்சில்லாமல் குடித்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டாள். பேசாமல் கழற்றித் தாமே சரியாகப் போட்டுக்கொண்டார். ஊரில் காய்ச்சல் பரவத் தொடங்கியிருந்தது. மானி சிவந்துவிட்டது.

பொறுக்கமாட்டாமல் உண்மையைப் போட்டு உடைத்தாள். "நான் வேணும்னேதானுங்கய்யா தப்புப் பண்ணுனேன். நீங்க திட்டோணும்னுதானுங்க. திட்டுனாத்தான் உங்களுக்குக் காப்பு ஏறுது."

அவர் கண் கலங்கிவிட்டது. "என்ற மனசு நோகக் கூடாதுன்னு இப்படியெல்லாம் சொல்றீங்க" என்றார். பிறகு வாயே திறக்கவில்லை.

காய்ச்சல் இல்லத்துக்குள் நுழைந்தபோது அத்தனை பேரில் அவர் ஒருவரைத்தான் பிடித்தது. எந்த மருந்துக்கும் அது கட்டுப்படவில்லை. கடைசிப் பிற்பகலில் மரகதம் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஒரே ஒரு தடவ திட்டுங்கய்யா."

தன் மூச்சு அவள்மேல் படாதபடி அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்களப் போயி திட்டுவனுங்களா, அம்மிணி?"